அடி நின்றது... வாய்தா நிற்கவில்லை! வழக்குகளையே ஆயுதமாக்கும் கணவர்களிடமிருந்து பெண்களைக் காப்பது எது?

கணவர் வீட்டை விட்டு வெளியே வந்தாயிற்று. அம்மா வீட்டில் ஓர் அறை, பிள்ளைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம், ஜவுளிக் கடையிலோ தனியார் பள்ளியிலோ ஒரு வேலை. கன்னத்தில் இருந்த தழும்பும் மறைந்துவிட்டது. இனி நிம்மதி என்று நினைக்கும்போதுதான் தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்து நிற்கிறார். பிரித்துப் பார்த்தால் விவாகரத்து மனு. அடுத்த மாதம் இன்னொன்று. குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி ஒரு மனு. பிறகு, நகையைத் திருடிக்கொண்டு போனதாகக் காவல் நிலையத்தில் புகார். மாமனார் பெயரில் ஒரு சிவில் வழக்கு. கடைசியாக மான நஷ்ட வழக்கு. ஒரே குடும்பம், ஒரே சண்டை, நான்கு நீதிமன்றம்.

"நீங்க போகாம இருந்துட்டா என்னம்மா ஆகும்?" என்று வக்கீல் ஆபீஸுக்குக் கூட வந்த தம்பி கேட்பான். போகாமல் இருந்தால் அவர் கேட்டதெல்லாம் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். போனால் அன்றைய சம்பளம் போச்சு, பஸ் காசு போச்சு, வக்கீல் ஃபீஸ் போச்சு. நீதிமன்ற வராந்தாவில் இரண்டடி தள்ளி அதே மனிதர் நின்றுகொண்டிருப்பார். முறைப்பார், சிரிப்பார், சில நேரம் அருகில் வந்து பேசவும் செய்வார். பாதுகாப்பு உத்தரவு வாங்கி யாரிடமிருந்து விலகி வந்தாளோ, அவரை மாதம் இருமுறை பார்த்தே தீர வேண்டும் என்று சம்மன் சொல்கிறது.

குடும்ப வன்முறை பற்றி ஆராய்பவர்கள் இதைக் காகிதம் வழியாக நடக்கும் வன்முறை என்கிறார்கள். கை ஓங்க முடியாத இடத்தில் மனு ஓங்குகிறது. இதில் வழக்கில் ஜெயிப்பது நோக்கமே அல்ல. அவளைக் களைப்படைய வைப்பது, கையிருப்பைக் கரைப்பது, 'போதும் சாமி, எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கிறேன்' என்று சொல்ல வைப்பது. அதனால்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் போட்டவரே அடிக்கடி வாய்தா கேட்கிறார். வழக்கு முடிந்துவிட்டால் அவருக்கு என்ன லாபம்?

எத்தனை பேருக்கு இது பொருந்தும் என்று யோசித்தால், 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரின் வன்முறையை எப்போதாவது சந்தித்திருக்கிறார்கள். தேசிய சராசரி 29. நாடு முழுவதும், வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 100-க்கு 14 பேர்தான். அந்த 14-லும் ஒரு சிறு பங்கினர்தான் நீதிமன்றம் வரை வருகிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பத்தான் இந்த மனுக்கள்.

தூரம் என்கிற தண்டனை

இருப்பதிலேயே சுலபமான வழி, தொலைவில் வழக்குப் போடுவது. இந்துத் திருமணச் சட்டப்படி, கல்யாணம் நடந்த ஊரிலோ, கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரிலோ கணவர் மனு போடலாம். சென்னையில் குடித்தனம் நடத்திவிட்டுத் திருநெல்வேலியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணுக்குச் சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வர ரயிலில் இரண்டு இரவு. துணைக்கு அப்பாவோ அண்ணனோ வர வேண்டும். கைக்குழந்தை இருந்தால் அதுவும் கூட. காலையில் எழும்பூரில் இறங்கி, எங்கேயோ முகம் கழுவி, 10.30-க்கு ஹாலில் உட்கார்ந்தால், மதியம் பெயரைக் கூப்பிட்டு அடுத்த தேதி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றத்திலும், வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றத்திலும் வழக்கை மாற்றச் சொல்லி மனு செய்யலாம். 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு நம் ஊர்க் கதைதான். வேலூரில் இருந்த வழக்கைச் சென்னைக்கு மாற்றக் கேட்ட இளம் மனைவியின் மனுவை உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இருவரின் பொருளாதார நிலை, வாழ்க்கைப் பின்னணி, யாருடைய ஆதரவில் யார் வாழ்கிறார்கள் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். நம் சமூகத்தின் இன்றைய நிலையில் பொதுவாக மனைவியின் வசதியைத்தான் கருத வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. வேலூருக்கும் சென்னைக்கும் நடுவே தூரம் பெரிதில்லையே என்று தோன்றலாம். வருமானமே இல்லாமல் பெற்றோரை நம்பியிருக்கும் ஒரு பெண்ணின் கணக்கில் அது பெரிய தூரம்தான்.

ஆனால், வழக்கை மாற்ற ஒரு வழக்குப் போட வேண்டியிருக்கிறதே! அதற்கு ஒரு வக்கீல், அதற்கும் சில மாதங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். பெண் நிரந்தரமாக மட்டுமல்ல, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்கிறது அதன் 27-வது பிரிவு. சட்டம் எழுதியவர்கள், ஓடி வந்த பெண் எங்கே நிற்பாள் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

மகன் ஒதுங்கிக்கொள்ள, மாமனார் போடும் வழக்கு

வீட்டை விட்டுப் போகாமல் அங்கேயே இருந்து சட்டப் பாதுகாப்பு கேட்கும் பெண்களுக்கு வேறு மாதிரியான அடி விழும். இது கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது.

2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26-ல் நடைமுறைக்கு வந்தது. கணவரோடு சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையை அது பெண்ணுக்குக் கொடுத்தது. வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் சரி என்று சட்டத்தில் தெளிவாகவே இருந்தது. ஆனால், அதே டிசம்பரில் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வீடு மாமியார் பெயரில் இருந்தால் மருமகள் அந்த உரிமையைக் கேட்க முடியாது என்றது. அதற்குப் பிறகு 14 ஆண்டுகள், மருமகளை வெளியேற்ற நினைத்த குடும்பங்களுக்கு ஒரு ரெடிமேட் வழி கிடைத்தது. மகன் ஒதுங்கிக்கொள்வார். 'எனக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, என் அப்பா வீடு, அவர் பாடு' என்பார். அப்பா, 'என் வீட்டில் அனுமதியோடு தங்கியிருந்தவர், இப்போது அனுமதியை ரத்து செய்கிறேன், வெளியேற்றுங்கள்' என்று சிவில் வழக்குப் போடுவார்.

டெல்லியில் நடந்த ஒரு வழக்கில் இந்த வரிசையை அப்படியே பார்க்கலாம். 2014-ல் கணவர் விவாகரத்து மனு போட்டார். அடுத்து மனைவி குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போனார். அவரை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று 2016-ல் இடைக்கால உத்தரவு வந்தது. 2017-ல் மாமனார் வெளியேற்ற வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் மாமனாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபர் 15-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய 2006 விளக்கம் சரியல்ல என்று சொன்னது. கணவருக்கு உரிமைப் பங்கு இல்லாத, அவரது உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், குடும்பமாக அங்கே நிலையாக வாழ்ந்திருந்தால் அது அவள் குடியிருக்கும் உரிமை கேட்கக்கூடிய வீடுதான். அதே சமயம், வயதான காலத்தில் பெரியவர்களுக்கும் அமைதியாக வாழ உரிமை உண்டு, இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்துத்தான் உத்தரவு போட வேண்டும், தேவைப்பட்டால் மருமகளுக்கு மாற்று வீடு ஏற்பாடு செய்யச் சொல்லலாம் என்றும் நீதிபதிகள் சேர்த்தார்கள். நியாயமான சேர்க்கைதான். மருமகளால் உண்மையிலேயே அவதிப்படும் முதியவர்களும் இருக்கிறார்கள்.

சரியாக இரண்டு மாதம் கழித்து, 2020 டிசம்பர் 15-ல் பெங்களூருவிலிருந்து இன்னொன்று. அங்கே கையில் எடுக்கப்பட்டது மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெற்றோருக்காக 2007-ல் வந்த சட்டம் அது. கணவர் வாங்கிய மனை அவருடைய அப்பா பெயருக்குப் போனது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அப்பா அந்தச் சொத்தை அம்மாவுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். பிறகு மாமனார், மாமியார் இருவரும் மூத்த குடிமக்கள் என்ற முறையில் மருமகளையும் பேத்தியையும் வெளியேற்றச் சொல்லி அதிகாரியிடம் மனு கொடுத்தார்கள். அதிகாரி உத்தரவு போட்டார், உயர் நீதிமன்றமும் ஆமோதித்தது. உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முதியோருக்கான விரைவு நடைமுறையைப் பயன்படுத்தி, இன்னொரு சட்டம் பெண்ணுக்குக் கொடுத்த உரிமையை இல்லாமல் செய்ய முடியாது. இரண்டு சட்டங்களையும் ஒன்றோடொன்று பொருத்தித்தான் படிக்க வேண்டும் என்றது.

இந்த இரண்டு தீர்ப்புகளும் வந்த பிறகும் இப்படிப்பட்ட மனுக்கள் நின்றுவிடவில்லை. ஆனால், 'பத்திரம் மாமியார் பேர்ல இருக்கு, உனக்கு ஒண்ணும் கிடையாது' என்று யாராவது பயமுறுத்தினால் அதை நம்பிப் பெட்டி கட்ட வேண்டிய அவசியம் இன்று இல்லை.

'சேர்ந்து வாழ வா' என்று ஒரு மனு

எல்லாவற்றிலும் விசித்திரமானது இது. அடித்து விரட்டிய கணவரே, 'என் மனைவி காரணமின்றி என்னைப் பிரிந்து போய்விட்டார், சேர்ந்து வாழ உத்தரவிடுங்கள்' என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவில் மனு போடுவார். படிப்பவர்களுக்கு 'பாவம், மனுஷன் கூப்பிடத்தானே செய்கிறார்' என்று தோன்றும். பல வழக்குகளில் இதன் உள்நோக்கம் ஜீவனாம்சம். உத்தரவு வாங்கிக்கொண்டு, அவள் வரவில்லை என்றதும், 'கோர்ட் சொல்லியும் வர மறுக்கிறார், எதற்கு நான் பணம் கொடுக்க வேண்டும்?' என்று கேட்கலாம் அல்லவா?

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தக் கதவையும் மூடியது. சேர்ந்து வாழும்படி உத்தரவு இருந்தாலும், திரும்பிப் போகாததற்கு மனைவியிடம் தகுந்த காரணம் இருந்தால் ஜீவனாம்சம் கேட்பதை அது தடுக்காது என்று தீர்ப்பளித்தது. அடி வாங்கிய வீட்டுக்குத் திரும்பப் பயப்படுவது தகுந்த காரணம்தானே!

சென்னை உயர் நீதிமன்றம் கண்ட மனுக் குவியல்

பெண் போட்ட மனுவை முடக்கப் போடும் மனுக்கள் தனி ரகம். குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டால், முதல் விசாரணையை மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பது என்ன? நோட்டீஸ் கையில் கிடைத்ததும் கணவர் வீட்டார் உயர் நீதிமன்றத்துக்குப் போய், மனுவையே ரத்து செய்யுங்கள் என்பார்கள். ஒரு இடைக்காலத் தடை கிடைத்துவிட்டால் போதும். கீழே வழக்கு அப்படியே உறைந்துவிடும். 60 நாள் என்பது பல வருடங்களாகும்.

2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படிக் குவிந்த மனுக்களை ஒன்றாக எடுத்து ஒரு முக்கியத் தீர்ப்பு கொடுத்தார். குடும்ப வன்முறை மனு கிரிமினல் புகார் அல்ல, நிவாரணம் கேட்கும் சிவில் தன்மையுள்ள மனு; எனவே கிரிமினல் வழக்கை ரத்து செய்யும் பிரிவைப் பிடித்துக்கொண்டு ஓடி வரக்கூடாது என்றார். கூடவே, எதிர்மனுதாரர்களைக் குற்றவாளிகள் போல நடத்தி, ஜாமீன் எடுக்கச் சொல்லும் பழக்கத்தை மாஜிஸ்திரேட்டுகள் நிறுத்த வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். இந்த இரண்டாவது பகுதி முக்கியமானது. எங்கோ தனிக்குடித்தனம் இருக்கும் நாத்தனாரையும் சேர்த்து மனுவில் போட்டு அலைய விடும் வழக்கமும் இருக்கத்தான் செய்கிறது. அவர்கள் ரத்து கேட்டு ஓடியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

அதன் பிறகு இந்தக் கேள்வி பல நீதிமன்றங்களில் சுற்றி வந்து, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு முடிவுக்கு வந்தது. ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கு உண்டு; ஆனால், இந்தச் சட்டம் பெண்களைக் காக்க வந்த சமூக நலச் சட்டம் என்பதால், அப்பட்டமான சட்டமீறலோ அநீதியோ இருந்தால் தவிர, தலையிட மிகவும் தயங்க வேண்டும் என்றது.

மான நஷ்ட வழக்குக்கு வருவோம். காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் அவதூறு ஆகாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே விதிவிலக்கு இருந்தது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பிலும் ஃபேஸ்புக்கிலும் எழுதியதற்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவு எளிதில் கிடைக்காது. கோபத்தில் ஸ்டேட்டஸ் போடும் முன் யோசிக்க வேண்டிய விஷயம்.

தூங்கிக்கொண்டிருக்கும் 1949 சட்டம்

சரி, தொல்லை கொடுப்பதற்காகவே வழக்குப் போடுபவரைத் தடுக்க நம் ஊரில் சட்டமே இல்லையா? பலருக்குத் தெரியாத செய்தி... இருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டில், 1949-லிருந்து இருக்கிறது!

மதராஸ் மாகாணம் 1949-ல் தொல்லை வழக்குகள் தடுப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1896-ல் வந்த சட்டத்தின் வழியில் அமைந்தது இது. ஒருவர் நியாயமான காரணமில்லாமல், பழக்கமாகவே சிவில், கிரிமினல் வழக்குகளைப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று உயர் நீதிமன்றம் முடிவுக்கு வந்தால், இனி அவர் அனுமதி பெறாமல் எந்த வழக்கும் போட முடியாது என்று உத்தரவிடலாம். சென்னை நகரத்தில் என்றால் உயர் நீதிமன்றத்தின் அனுமதி, மற்ற இடங்களில் மாவட்ட நீதிபதியின் அனுமதி. மீறிப் போட்ட வழக்கு தள்ளுபடியாகும். இப்படி ஒருவரைத் தடுப்பது அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1965-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நீதிமன்றக் கதவை முழுதாகச் சாத்தவில்லை, வாசலில் ஒருவர் நின்று 'என்ன விஷயமாக வந்தீர்கள்?' என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

பிறகு ஏன் குடும்ப வழக்குகளில் இது பேச்சுக்கே வருவதில்லை? இந்த உத்தரவைக் கேட்டு மனு போட வேண்டியவர் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர். ஓடி ஒளிந்து வாழும் ஒரு பெண், அரசின் தலைமை வழக்கறிஞரைச் சந்தித்துத் தன் கதையைச் சொல்லி, அவரைச் சம்மதிக்க வைப்பது நடக்கிற காரியமா? அதோடு, 'பழக்கமாகவே' போடுகிறார் என்று நிரூபிப்பதற்குள் அவள் வாழ்க்கையில் பாதி போய்விடும். நாடு முழுவதற்கும் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று இந்திய சட்ட ஆணையம் 2005-ல் தன் 192-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்த அறிக்கைக்கும் 20 வயது தாண்டிவிட்டது.

பொய் வழக்கு, தொல்லை வழக்கு என்று தெரிந்தால் எதிர்த்தரப்புக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்ல சிவில் நடைமுறைச் சட்டத்தில் 35ஏ என்ற பிரிவு இருக்கிறது. அதன் உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 3,000 ரூபாய். ஒரு வாய்தாவுக்குத் திருநெல்வேலியிலிருந்து இரண்டு பேர் சென்னைக்கு வந்து போகும் செலவுக்கே அது சரியாகப் போய்விடும்.

அமெரிக்க மாநிலங்கள் என்ன செய்தன?

அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 2018-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் சட்டம் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் 1949 சட்டத்தின் அதே யோசனைதான், ஆனால் குடும்ப வன்முறைக்கு அளவெடுத்துத் தைத்தது.

வாஷிங்டன் சட்டப்படி, கணவன் - மனைவியாகவோ துணையாகவோ இருந்தவர்களுக்கு இடையே இது பொருந்தும். வழக்குப் போடுபவர் வன்முறை செய்தவர் என்று ஏற்கெனவே ஒரு நீதிமன்றம் கண்டிருக்க வேண்டும். வழக்கின் முக்கிய நோக்கம் எதிர்த்தரப்பைத் துன்புறுத்துவது, மிரட்டுவது, தொடர்பை விடாமல் வைத்துக்கொள்வது என்று தெரிய வேண்டும். கடந்த ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய இதே விஷயத்தில் ஏற்கெனவே வழக்கு நடந்திருந்தால், இது துன்புறுத்தும் வழக்குதான் என்று நீதிபதி முதலில் எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்று காட்டும் பொறுப்பு வழக்குப் போட்டவருடையது. துன்புறுத்தல் என்று உறுதியானால் வழக்கு தள்ளுபடி, அவளுடைய வக்கீல் செலவையும் அவரே கட்ட வேண்டும். அதற்குப் பிறகு 48 மாதம் முதல் 72 மாதம் வரை, அவள் மீது எந்த வழக்குப் போடவும் முதலில் நீதிபதியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, கேட்பது யார் என்பது. தலைமை வழக்கறிஞர் வர வேண்டியதில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணே, நடந்துகொண்டிருக்கும் வழக்கிலேயே கேட்கலாம். இந்த ஒரே ஒரு மாற்றத்தை நம் 1949 சட்டத்தில் செய்தாலே அது தூக்கத்திலிருந்து எழுந்துவிடும்.

இங்கிலாந்தில் இன்னொரு நல்ல விஷயம் செய்தார்கள். 2021-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், வன்முறை செய்தவர் தானே வக்கீல் இல்லாமல் வாதாடும்போது, பாதிக்கப்பட்டவரை நேருக்கு நேர் குறுக்கு விசாரணை செய்வதைத் தடுக்கிறது. தேவைப்பட்டால் கேள்வி கேட்க நீதிமன்றமே ஒரு வக்கீலை நியமிக்கும். நம் ஊரிலும் 'நானே வாதாடுகிறேன்' என்று வந்து, கூண்டில் நிற்கும் மனைவியிடம் மணிக்கணக்கில் கேள்வி கேட்கும் கணவர்கள் உண்டு. வீட்டில் நடந்த அதே விசாரணை, இப்போது நீதிபதி முன்னிலையில்.

'பொய்க் கேஸ் போடும் பெண்களை என்ன செய்வது?'

இதைப் படிக்கும் பலருக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். வரதட்சணைக் கொடுமைப் பிரிவு தவறாகப் பயன்படுத்தப்படுவது பற்றி உச்ச நீதிமன்றமே பலமுறை, 2024 டிசம்பரிலும் கவலை தெரிவித்திருக்கிறது. பிரிந்த பிறகு பெற்ற பிள்ளையைப் பார்க்க முடியாமல் மனு போடும் எல்லா அப்பாக்களும் வில்லன்கள் அல்ல. விவாகரத்து கேட்பது ஒருவரின் உரிமை. முதல் மனுவையே தொல்லை என்று முத்திரை குத்துவது தவறு.

அதனால்தான் இத்தகைய சட்டங்கள் வழக்கைத் தடை செய்வதில்லை, வடிகட்டுகின்றன. வன்முறை நடந்ததாக நீதிமன்றம் முன்பே கண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இருப்பதும் இதற்காகத்தான். நியாயமான காரணம் உள்ளவருக்கு முன் அனுமதி கிடைக்கும். 1977-லேயே நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் விசாரணை நீதிமன்றங்களுக்கு ஒன்று சொன்னார். மனுவை அர்த்தத்தோடு படியுங்கள், சாமர்த்தியமான எழுத்தால் வழக்கு இருப்பது போலத் தோற்றம் காட்டினால் முதல் நாளிலேயே கிள்ளி எறியுங்கள் என்று. அதைக் கீழ் நீதிமன்றங்கள் கடைப்பிடித்தால் பொய் வழக்குப் போடும் கணவரும் சிக்குவார், பொய் வழக்குப் போடும் மனைவியும் சிக்குவார்.

நோட்டீஸ் வந்துவிட்டது... இப்போது?

புதுச் சட்டம் வரும்வரை, இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். இருப்பதும் குறைவில்லை.

முதலில், நோட்டீஸை வாங்க மறுக்கவே கூடாது. வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகத்தான் கணக்கு. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் அவகாசம். சம்மன் முறையாகக் கிடைக்கவே இல்லை என்றால், தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

கணவர் எங்கே வழக்குப் போட்டிருக்கிறார் என்றே தெரியாமல் தவிப்பவர்கள், போனில் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' ஆப்பை இறக்கிக்கொள்ளலாம். இலவசம்தான். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பெயரைப் போட்டுத் தேடினால் வழக்கு விவரமும் அடுத்த தேதியும் வரும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் இருக்கும். அதைச் சேமித்து வைத்துக்கொண்டால், 'வக்கீல் தேதியைச் சொல்லவே இல்லை' என்ற பிரச்னை இராது. மாமனார் தரப்பு சிவில் வழக்குப் போடப்போவதாக மிரட்டினால், முன்கூட்டியே கேவியட் மனு போட்டு வைக்கலாம். 90 நாள் வரை, உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு வாங்குவது அவர்களுக்குக் கடினம்.

இன்னொரு வழி, பலரும் பயன்படுத்தாதது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, பாதுகாப்பு, குடியிருப்பு, பண நிவாரணம், குழந்தையின் பொறுப்பு எல்லாவற்றையும், கணவர் போட்ட அதே வழக்கிலேயே கேட்கலாம். தனியாக மாஜிஸ்திரேட்டிடம் போய் இன்னொரு வழக்கு நடத்த வேண்டாம். அவர் உங்களை இழுத்து வந்த நீதிமன்றத்திலேயே உங்கள் மனுவையும் வைக்கலாம். அதேபோல, இந்துத் திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில், போதுமான வருமானம் இல்லாத மனைவி, வழக்கு நடக்கும் காலத்துக்கான ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் கணவரிடமே கேட்கலாம். போக்குவரத்து, வக்கீல் கட்டணம், துணைக்கு வருபவர் செலவு என்று கணக்கெழுதி ரசீதோடு கொடுத்தால் நீதிபதி பார்ப்பார். மனு போட மனு போடத் தன் பணமே கரைகிறது என்று தெரிந்தால் சிலருக்கு உற்சாகம் குறைந்துவிடும்.

வருமானத்தை மறைப்பவர்களுக்கு 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு கடிவாளம் போட்டது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் குறித்த படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். வெவ்வேறு நீதிமன்றங்களில் நடக்கும் வழக்குகளை அதில் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா வழக்குகளையும் ஒரே நீதிபதியின் கண்ணில் படவைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. எத்தனை வழக்கு, எந்த ஊர், யார் எத்தனை முறை வாய்தா வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி வையுங்கள். 'தொல்லைக்காகவே போடுகிறார்' என்று வாயால் சொல்வதற்கும், 14 தேதிகளில் 9 தேதி அவர் வரவே இல்லை என்று காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பாதுகாப்பு உத்தரவு கையில் இருக்கும்போது நீதிமன்ற வளாகத்தில் அவர் பின்தொடர்ந்தாலோ மிரட்டினாலோ, அன்றே எழுதிக் கொடுங்கள். உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாப்பு அலுவலரை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பார்க்கலாம். அவசரத்துக்கு 181.

வக்கீலுக்குப் பணமில்லை என்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வழக்குப் போடுபவருக்கு மட்டுமல்ல, தன் மீது போடப்பட்ட வழக்கை எதிர்கொள்பவருக்கும் உண்டு. பெரும்பாலான நீதிமன்ற வளாகங்களிலேயே வட்ட அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் அலுவலகம் இருக்கும். வழக்கை வேறு ஊருக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ போக வேண்டியிருந்தால், அங்கும் தனித்தனியாகச் சட்டப் பணிகள் குழுக்கள் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். போகும்போது வந்த நோட்டீஸின் நகல், திருமண அழைப்பிதழோ பதிவுச் சான்றோ, ஆதார், பழைய புகார் ரசீதுகள், அந்த நோட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கொண்டுபோனால் முதல் நாளிலேயே மனு எழுதிவிடுவார்கள்.